சுழியத்துக்கு அடுத்த பின்னம் எது?

ஜூன் 3, இரவு 9.12 (மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் ஊரிலிருந்து தாய் ஒருவரின் கேள்வி)

என் மகன் ஐந்தாம் ஆண்டு. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, "அம்மா, 0க்கு அப்புறம் வர்ற மொத பின்னம் எது?" என்றான். 1/100 என்றேன். "1/101 இருக்கே?" என்றான். ஆயிரம், லட்சம் என்று போய்ப் பார்த்துவிட்டு, மிகச் சிறியது என்று ஒன்று கிடையாதுடா என்று முடித்துவிட்டேன். அவன் விடவில்லை. "மொத ஆளே இல்லாட்டி வரிசை எப்படிம்மா ஆரம்பிக்கும்? 0லேருந்து 1க்கு எப்படிப் போறது?" அதிலிருந்து எனக்கும் சந்தேகம். நமக்குத் தெரியாத ஒரு சின்னது எங்காவது இருக்கத்தானே வேண்டும்?

ஜூன் 3, இரவு 10.40

இல்லை தங்கச்சி. தெரியாமல் ஒளிந்திருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒளிந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 'அ' என்று பெயர் வைப்போம். பின்னம் என்றால் மேலே ஒரு தொகுதி எண், கீழே ஒரு பகுதி எண். பகுதி எண்ணை மட்டும் இரண்டால் பெருக்குங்கள். வருவதும் பின்னம்தான், சுழியத்தைவிடப் பெரியதுதான், ஆனால் 'அ'வில் பாதி. அப்போது 'அ' மிகச் சிறியது இல்லை. எந்த 'அ'வைக் கொண்டுவந்தாலும் இதே கதி. தேடிக் கிடைக்கவில்லை என்பது வேறு, இருக்கவே முடியாது என்பது வேறு. இது இரண்டாவது வகை.

பின்னங்கள் முடிவில்லாமல் இருப்பதுதான் இதற்குக் காரணம்.

மகனின் இரண்டாவது கேள்வி, வரிசை எப்படி ஆரம்பிக்கும் என்றது, இதைவிடக் கனமானது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருபது வருடமாக வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், ஒரு பிள்ளைகூட இதை இப்படிக் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன்.

ஜூன் 4, காலை 6.05

நேற்று எழுதியதில் ஒரு வரி தப்பு. படுத்த பிறகுதான் உறைத்தது. "பின்னங்கள் முடிவில்லாமல் இருப்பதுதான் காரணம்" என்றேன். அது காரணமே இல்லை. 1, 2, 3, 4 என்று போகிற எண்களும் முடிவில்லாதவைதான், ஆனால் அவற்றில் மிகச் சிறியது 1 என்று கைகாட்டிச் சொல்லலாம். முடிவிலி இருந்தால் சின்னது இருக்காது என்று பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

உண்மையான காரணம், பாதி போட முடிவது. பின்னத்தைப் பாதி போட்டாலும் பின்னமாகவே இருக்கும். 1ஐப் பாதி போட்டால் முழு எண்களை விட்டே வெளியே போய்விடும்.

ஜூன் 4, காலை 6.30

இன்னும் ஒன்று, குளிக்கும்போது வந்தது. 1/1, 1/2, 1/3, 1/4 என்று மேலே 1 இருக்கும் பின்னங்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். இந்தக் கூட்டத்தில் 1/3க்கும் 1/4க்கும் நடுவில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் மிகச் சிறியவர் இல்லை. நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது வேறு சங்கதி, கடைசி ஆள் இல்லாமல் இருப்பது வேறு சங்கதி. இரண்டையும் நான் இத்தனை வருடம் ஒன்றாகவே போட்டுக் குழப்பிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. பழைய மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 4, இரவு 11.20

உங்கள் மகன் கேட்டதைப் படித்ததிலிருந்து ஒன்று உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

1984இல் நான் ஆறாம் வகுப்பு. இதே கேள்வியை நானும் கேட்டேன். இவ்வளவு அழகாக இல்லை. "சார், 0க்கு அடுத்த நம்பர் எது?" என்று மட்டும்தான். "0.01. ஒரு காசு. அதுக்குக் கீழ எதை வச்சு வாங்குவ?" என்றார். 0.001 என்று ஒன்று இருக்கிறதே என்றேன். பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். பாடம் முடியும்வரை நின்றேன். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார். ஆனால் அன்றையிலிருந்து பல வருடம் 0.01தான் எண்களின் தரை, அதற்குக் கீழே எதுவும் இல்லை என்று மனதில் தங்கிவிட்டது. ஐந்தாம் படிவத்தில்தான் அது கழன்றது.

உங்கள் மகன் கேட்டபோது நீங்கள் "1/100" என்றதும் அந்த ஒரு காசுதானோ என்று தோன்றியது.

ஜூன் 4, இரவு 11.45

காசு என்றதும் நினைவு வந்தது. அந்த ஒரு காசே இப்போது புழக்கத்தில் இல்லை. 2008 ஏப்ரல் 1 முதல் மொத்த பில்லை ஐந்து காசுக்கு ரவுண்டு செய்கிறார்கள். கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0 ஆகும். 3, 4 என்றால் 5. 6, 7 என்றால் 5. 8, 9 என்றால் மேலே 10. 8 வெள்ளி (ரிங்கிட்) 2 காசுக்குச் சாமான் வாங்கி ரொக்கம் கொடுத்தால் 8 வெள்ளிதான்.

இங்கே பாருங்கள், கல்லாப் பெட்டிக்குள் "மிகச் சிறிய தொகை" என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஐந்து காசு. அதற்கு என்ன விலை கொடுத்தோம்? 2 காசு 0 ஆகிவிடுகிறது. இருக்கிற ஒன்று இல்லாததாகிவிடுகிறது. மிகச் சிறியது ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற எந்த இடத்திலும் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் போலிருக்கிறது. இதைப் பிறகு யோசிக்க வேண்டும்.

ஜூன் 5, மாலை 5.30

தமிழர்கள் மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள், அது தேர்த்துகள் என்று ஐயா ஒருவர் பட்டியல் போட்டிருக்கிறார். வாட்சாப்பில் எனக்கும் மாதம் ஒருமுறை வரும் பட்டியல்தான்.

ஐயா, உங்கள் பெருமிதம் எனக்கும் உண்டு. என் தாத்தா பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். எனக்கு ஏழெட்டு வயதில் அவர் திண்ணையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே "முந்திரி, அரைக்காணி, காணி, அரைமா, மா" என்று சொல்வது காதிலேயே நிற்கிறது. முந்திரி என்றால் 320இல் ஒன்று. அரைக்காணி 160இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. மாவையும் காணியையும் கூட்டினால் 16இல் ஒன்று, அதன் பெயரே மாகாணி. கூட்டல் கணக்கைப் பெயருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். டியூஷனில் இதைச் சொன்னால் "முந்திரிப் பருப்பா சார்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தொடர்வேன்.

ஆனால் அந்தப் பழைய முறையில் என்னை மிகவும் கவர்ந்தது பட்டியலின் கடைசிப் பெயர் இல்லை. "கீழ்" என்ற ஒட்டுதான். அரை என்றால் 1/2. கீழரை என்றால் அரையை இன்னும் 320ஆல் வகுத்தது, 1/640. கால் 1/4, கீழ்க்கால் 1/1280. முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/320இல் 1/320, அதாவது 1,02,400இல் ஒன்று. மேலே இருக்கும் வாய்பாடு மொத்தமும் அப்படியே ஒரு மாடி கீழே இறங்கிவிடுகிறது. இம்மியளவும் என்கிறோமே, அந்த இம்மி கீழ்முந்திரியில் 21இல் ஒரு பங்கு, 21,50,400இல் ஒன்று.

இப்போது நான் கேட்பது இதுதான். கீழ்முந்திரிக்கும் இன்னொரு "கீழ்" போட்டால் யார் தடுப்பார்கள்? 3,27,68,000இல் ஒன்று. இன்னொரு கீழ், இன்னொரு கீழ். தாத்தாவின் கணக்குக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். தேர்த்துகளுக்கு அரைத் தேர்த்துகள் உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். பெயர் தீர்ந்த இடத்தை எண் தீர்ந்த இடம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஒட்டைக் கண்டுபிடித்தவர்களுக்குச் செய்கிற மரியாதை, அது நிற்காது என்று ஒத்துக்கொள்வதுதான்.

ஜூன் 5, இரவு 9.00

ஐயா கோபித்துக்கொள்ளவில்லை. "அரைத் தேர்த்துகள் உண்டு" என்று எழுதியிருக்கிறார். நன்றி ஐயா.

ஜூன் 6, இரவு 10.15

இன்று டியூஷனில் செய்து பார்த்தேன். பேசிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று கடைக்காரரிடம் ரசீது அடிக்கும் காகிதச் சுருள் ஒன்று வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேசையில் சரியாக ஒரு மீட்டர் அளந்து வெட்டினேன். ஆறு பிள்ளைகள், ஒரே கத்தரிக்கோல், ஆளுக்கு ஒரு முறை. விதி ஒன்றுதான்: மடித்து, நடுவில் வெட்டி, பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும்.

50 சென்டிமீட்டர், 25, பன்னிரண்டரை, ஆறேகால், மூன்றும் சொச்சமும். இதுவரை சிரிப்பும் கூத்தும்தான். ஆறாவது வெட்டில் ஒன்றரை சென்டிமீட்டர், இனி மடிக்க முடியவில்லை, கண்ணால் பாதி பார்க்க வேண்டும். ஏழாவதில் எட்டு மில்லிமீட்டர் அளவு, சத்தம் குறைந்துவிட்டது. எட்டாவதில் நான்கு. ஒன்பதாவது வெட்டு ஒரு பெண் பிள்ளையுடையது. நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கத்தரிக்கோலின் நுனியால் வெட்டினாள். இரண்டு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. விசிறியை நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினேன். பத்தாவது வெட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, 1/1024 மீட்டர். வெட்டிய பையனின் விரல் வேர்வையில் ஒட்டியது. உதறினான். காணோம்.

"போச்சு சார், 0 ஆயிடுச்சு" என்றான்.

அந்தப் பெண் பிள்ளை மேசைக்கு அடியில் போய்விட்டாள். "காணாப் போனா 0 இல்லடா, இங்கதான் கெடக்கு" என்று டைல்ஸ் இடுக்கில் தேடினாள். நிஜமாகவே தேடினாள். ஐந்து நிமிடம். கிடைக்கவில்லை. எழுந்து வந்து நோட்டில் 1/1024 எழுதி, பக்கத்தில் 1/2048 எழுதினாள், நான் சொல்லாமலே.

இதைத்தான் அன்றைக்கு எனக்கு யாராவது செய்துகாட்டியிருக்க வேண்டும்.

ஜூன் 6, இரவு 10.50

ஈப்போ தம்பி ஒருவர், பொறியாளர், பிளாங்க் நீளத்தைக் கொண்டுவந்திருக்கிறார். அதற்குக் கீழே நீளமே கிடையாது, ஆகவே மிகச் சிறியது உண்டு என்கிறார்.

பிளாங்க் நீளம் சுமார் 1.6ஐ 10இன் 35ஆவது அடுக்கால் வகுத்தால் வரும் மீட்டர். ஒரு மீட்டர் காகிதத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் எத்தனையாவது வெட்டில் அதைத் தாண்டுவோம் என்று இப்போது போட்டுப் பார்த்தேன். 116ஆவது வெட்டில். நூற்றுப் பதினாறுதான்! என் பிள்ளைகள் பத்து செய்தார்கள். இன்னும் 106 வெட்டில் இயற்பியலுக்குத் தெரிந்த எல்லைக்கே போய்விடலாம் என்றால் நம்பவே முடியவில்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஆனால் தம்பி, அந்த அளவுக்குக் கீழே இன்றைய இயற்பியலின் சமன்பாடுகளை நம்ப முடியாது என்பதுதான் அதன் பொருள். இடம் அந்த அளவுத் துண்டுகளால் கட்டப்பட்டது என்று எந்தச் சோதனையும் காட்டியதில்லை. காட்டினாலும் அது இடத்தைப் பற்றிய செய்தி. 1/2 என்பது காகிதம் இல்லை. 117ஆவது பாதியை எழுத எனக்குப் பென்சில் போதும்.

ஜூன் 8, மதியம் 2.10

என் மகன் கணினி படிக்கிறான். அவனிடம் 1ஐப் பாதி போட்டுக்கொண்டே போகும்படி நாலு வரி எழுதச் சொன்னேன். எண்டரைத் தட்டியதும் திரை ஓடி நின்றுவிட்டது. 1074 முறை பாதி போட்டதும் வந்தது, ஏறத்தாழ 5ஐ 10இன் 324ஆவது அடுக்கால் வகுத்தது. 1075ஆவது முறை, சுத்தமாக 0.

கணினியில் வழக்கமான தசம எண்ணுக்கு 64 பிட்டுதான் இடம். அதற்குள் எழுத முடிகிற மிகச் சிறியது அதுதான். ஆகவே கணினிக்குள் சுழியத்துக்கு அடுத்த எண் நிஜமாகவே உண்டு.

விலை என்ன பாருங்கள். அந்த எண் 0 இல்லை, ஆனால் அதில் பாதி 0. அந்த 0ஐ இரட்டித்தால் மறுபடி 0. போனது திரும்பி வருவதில்லை. 4ஆம் தேதி எழுதிய 2 காசுக் கதையேதான் இது. சின்னது ஒன்று வேண்டும் என்றால் "சுழியம் அல்லாததில் பாதியும் சுழியம் அல்லாதது" என்ற விதியைக் கைகழுவ வேண்டும். கணினிக்கு அது கட்டுப்படியாகிறது. பின்னக் கணக்குக்கு ஆகாது, ஏனென்றால் அந்த விதி போனால் வகுத்ததைப் பெருக்கி மீட்க முடியாது.

ஜூன் 9, காலை 8.00

கிள்ளானிலிருந்து ஒரு கணக்காயர் அம்மா: "0.000 என்று முடிவில்லாமல் சுழியம் போட்டு, கடைசியில் ஒரு 1 போட்டால்?"

அழகான முயற்சி, நானும் ஒரு காலத்தில் இதை நம்பியிருக்கிறேன். ஆனால் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு எண் உண்டு. முதல் இடம், இரண்டாம் இடம், ஆயிரமாவது இடம். உங்கள் 1 எத்தனையாவது இடத்தில் நிற்கிறது? ஆயிரமாவது என்றால், அது நல்ல ஒழுங்கான எண், அதில் பாதியும் உண்டு. எந்த இடமும் இல்லை, எல்லாவற்றுக்கும் பின்னால் என்றால், முடிவே இல்லாத வரிசைக்கு முடிவில் ஒருவரை நிறுத்தப் பார்க்கிறீர்கள். நிற்க இடம் கிடையாது. அந்த 1ஐ எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் 0தான்.

0.999 என்று முடிவில்லாமல் போவது 1க்குச் சமம் என்பதும் இதே காரணத்தால்தான். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி என்று நீங்கள் நினைப்பது இந்த இல்லாத 1தான்.

ஜூன் 9, இரவு 8.40

ஈப்போ தம்பி திரும்ப வந்திருக்கிறார், இந்த முறை நல்ல ஆயுதத்தோடு. எந்தப் பின்னத்தையும்விடச் சின்னதான, ஆனால் சுழியம் அல்லாத எண்கள் கணிதத்தில் உண்டு, அவற்றை மறைக்கிறீர்கள் என்கிறார்.

மறைக்கவில்லை தம்பி, ஆனால் பேச மறந்தது உண்மை. நியூட்டனும் லைப்னிட்சும் வகைநுண்கணிதத்தை எழுதியபோது இப்படிப்பட்ட நுண்ணிய அளவுகளை வைத்துத்தான் எழுதினார்கள். 1734இல் பெர்க்லி என்ற பாதிரியார், இவை போய்ச்சேர்ந்த அளவுகளின் ஆவிகளா என்று கடுமையாகக் கேட்டார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேலே கழித்துக் கணிதக்காரர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டு வேறு அடித்தளம் போட்டார்கள். 1960களில் ஏப்ரகாம் ராபின்சன் அந்த நுண்ணளவுகளுக்கே முறையான நிரூபணத்தோடு ஓர் எண் உலகத்தைக் கட்டினார். அங்கே 1/2, 1/1000, 1/கோடி எல்லாவற்றையும்விடச் சின்னதான, சுழியம் அல்லாத எண் உண்டு. சரி.

அதில் பாதி? அதுவும் அங்கே உண்டு. ஆகவே அங்கேயும் மிகச் சிறியது இல்லை. முதல் நாள் இரவு எழுதிய அந்த 'அ' நிரூபணம் மாறாமல் அங்கேயும் ஓடுகிறது.

நம் பின்னங்களுக்குள் அப்படி எல்லாவற்றுக்கும் கீழே ஒளிய இடமில்லை. எந்தப் பின்னத்தையும் எடுங்கள், 7/1000 என்று வையுங்கள். பகுதி எண் 1000, அதற்கு அடுத்த 1001ஐ எடுத்து 1/1001 எழுதினால் அது 7/1000ஐவிடச் சின்னது. எப்போதும் அப்படித்தான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கே புரியும்.

ஜூன் 11, இரவு 11.00

என் இன்னொரு பேச்சையும் திருத்த வேண்டியிருக்கிறது. டியூஷனில் நேற்று, "பின்னங்களை வரிசையில் நிறுத்தவே முடியாது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நிறுத்த முடியும். சின்னதிலிருந்து பெரியதாக, உயர வரிசையில்தான் முடியாது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உயரப்படி நில்லுங்கள் என்று சொல்லாமல் ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுத்தால்? பின்னங்களுக்கும் டோக்கன் கொடுக்கலாம். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 2 வருபவர் முதலில்: 1/1. பிறகு 3: 1/2, 2/1. பிறகு 4: 1/3, 3/1. நடுவில் வரும் 2/2ஐ விட்டுவிடலாம், அவர் 1 என்று ஏற்கெனவே டோக்கன் வாங்கிவிட்டார். பிறகு 5: 1/4, 2/3, 3/2, 4/1. பிறகு 6: 1/5, 5/1. பிறகு 7: 1/6, 2/5, 3/4. விரல்விட்டு எண்ணினால் 3/4க்கு 14ஆவது டோக்கன். எந்தப் பின்னத்தைச் சொன்னாலும் அதன் முறை ஒருநாள் வந்தே தீரும். யாரும் விடுபட மாட்டார்கள்.

பின்னங்களைவிடப் பெரிய கூட்டத்தையே, எல்லா இயற்கணித எண்களையும் (2இன் வர்க்கமூலம் போல, முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புச் சமன்பாடுகளுக்கு விடையாக வருபவை), இப்படி வரிசையில் நிறுத்தலாம் என்று கேன்டர் 1874இல் நிரூபித்தார். அதே கட்டுரையில்தான், முடிவில்லாத தசமங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் எந்த டோக்கன் முறையும் போதாது என்றும் காட்டினார். அது தனியாகப் பேச வேண்டிய சமாசாரம், இப்போது வேண்டாம்.

சிறுவனுக்குச் சொல்லுங்கள்: வரிசைக்கு முதல் ஆள் வேண்டும் என்று அவன் நினைத்தது நியாயம்தான். டோக்கன் வரிசையில் முதல் ஆள் உண்டு, 1/1. உயர வரிசையில்தான் இல்லை.

ஜூன் 13, காலை 7.20

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 0லேருந்து 1க்கு எப்படிப் போறது?

பினாங்குப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் பாலம் திறந்தபோது நான் முதலாம் படிவம். அதுவரை பட்டர்வொர்த்துக்கு ஃபெரிதான். மொத்தம் 13.5 கிலோமீட்டர். கடக்கப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதி 5 நிமிடம், மிச்சத்தில் பாதி இரண்டரை, அதிலும் பாதி ஒன்றேகால். முடிவில்லாத துண்டுகள். ஆனால் நேரமும் கூடவே பாதி பாதியாகச் சுருங்குகிறது, எல்லாம் சேர்ந்தாலும் பத்து நிமிடத்தைத் தாண்டாது. முடிவில்லாத துண்டுகளைக் கடந்து முடிப்பது எப்படி என்று கிமு 5ஆம் நூற்றாண்டில் எலேயா ஊர் ஜீனோ என்ற கிரேக்கத் தத்துவஞானி கிளப்பிய சிக்கலுக்குச் சொல்லும் பதில் இது.

ஜூன் 13, இரவு 9.30

தங்கச்சி எழுதியிருக்கிறார். பையன் படித்துவிட்டு, "அந்த அங்கிள் முடியறதப் பத்திச் சொல்றாரு, நான் கேட்டது ஆரம்பிக்கறதும்மா" என்றானாம்.

அவன் சொல்வது சரி. காலையில் எழுதியது அவன் கேள்விக்குப் பதிலே இல்லை. அவன் கேட்டது தலைகீழ். பாதி போவதற்கு முன்னால் கால் போக வேண்டும், கால் போவதற்கு முன்னால் அரைக்கால், அதற்கு முன்னால் மாகாணி. முதல் அடி எது? அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்க்கவே இல்லை. பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 14, இரவு 11.40

இன்று கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) போனேன். இதற்காகவேதான். டிக்கெட் எடுத்து, ரயிலில் முன்பக்கக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி. கடைசியாகத் தரையில் நிற்கிறோம், அடுத்து முதல் படி. அது எது என்று காட்டலாம், தொட்டுக் கும்பிடலாம். சிறுவன் மனதில் வைத்திருப்பது அந்தப் படிக்கட்டு. 0 தரை, அதற்கு அடுத்து முதல் படி. அது இல்லை என்றால் கால் வைக்க இடமில்லை என்று பயப்படுகிறான்.

கொடிமலை ரயில் 1923இலிருந்து சாய்வில் ஏறுகிறது. அதற்கு முதல் உயரம் என்ன? ரயில் கிளம்புவதை நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். நிற்கிறது, நிற்கிறது, பக்கத்துச் சுவர்க் கல் ஒன்று என் கண்ணுக்கு நேராக இருந்தது, பிறகு அது நேராக இல்லை. எப்போது நகர்ந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண் போதாததால் மட்டும் இல்லை. நகர்ந்த முதல் உயரம் என்று எதைச் சொன்னாலும், அதில் பாதி உயரத்தை ரயில் ஏற்கெனவே கடந்துவிட்டது.

ஆகவே தம்பி, இது உனக்கு. நின்றுகொண்டிருந்த கடைசிக் கணம் உண்டு. நகர ஆரம்பித்த முதல் கணம் கிடையாது. 0 இருக்கிறது, அது போதும், அதற்கு அடுத்த வீடு தேவையில்லை. ரயில் ஒவ்வோர் உயரமாக எண்ணிக்கொண்டு ஏறுவதில்லை. கிளம்பிய பிறகு எந்தக் கணத்தில் அதைப் பிடித்து நிறுத்தினாலும், அதற்கு முன்னால் எண்ணி முடியாத உயரங்களை அது தாண்டியிருக்கும். முதல் ஆளைத் தாண்டாமலே எல்லோரையும் தாண்டியிருக்கும்.

கீழே இறங்கும்போது மழை. ஸ்டேஷனில் தே தாரிக் குடித்துக்கொண்டு இதைக் கைப்பேசியில் எழுதினேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 16, மாலை 6.45

பையன் எழுதிய தாளைத் தங்கச்சி படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அனுமதி கேட்டு அப்படியே போடுகிறேன், அவன் நடையிலேயே:

"1க்கு முன்னாடி வர்ற பெரிய பின்னமும் இல்ல. இருந்தா 1லேருந்து அதக் கழிச்சா வர்றதுதான் 0க்கு அடுத்த சின்னதா இருக்கும். அது இல்லன்னு அங்கிள் சொல்லிட்டாரு. அதனால இதுவும் இல்ல. 1/2க்கு அடுத்ததும் இல்ல. அதுக்கு நான் இன்னும் எழுதல."

மூன்று தடவை படித்தேன். கழித்துப் பார்த்தால் போதும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை, நானும் சொல்லவில்லை. கழித்து வருவதைவிடச் சின்னதாக ஒன்று இருந்தால் அதை 1லிருந்து கழித்தால் என்ன ஆகும் என்ற ஒரு வரியை மட்டும் சேர்த்துவிட்டால் முழு நிரூபணம்.

தம்பி, 1/2க்கு நீயே எழுது. நான் இங்கே போடவில்லை. கழித்தல் உதவும்.